ஏரி வாங்காத தலை

கோட்டைக்குப்பத்து ரங்கனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று அவன் தண்ணீரில் முங்கவில்லை. பாஸ்டர் பிராங்க்ளின் நெஞ்சில் கைவைத்து மல்லாக்கச் சாய்த்தார். ரங்கன் மீன் ஏற்றும் தெர்மாக்கோல் பெட்டி மாதிரி ஏரியின்மேல் கிடந்தான், முதுகுகூட நனையவில்லை. சபையார் இரண்டு பேர் இறங்கித் தோளைப் பிடித்து அழுத்தினார்கள். அழுத்திய கைகள் நனைந்தன, அவன் நனையவில்லை. கரையில் நின்ற படகுக்காரன் மாணிக்கம், "இன்னா பாஸ்டரே, சரக்கு சரியில்லன்னு ஏரி திருப்பி அனுப்புது போல" என்றான். சோற்று நேரம் ஆனதும் எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள்.

ரங்கன் யாரோ கூப்பிட்டார்கள் என்று வந்தவன் அல்ல. போன மழைக்காலத்தில், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் அவன் படகு கவிழ்ந்தது. பிடிக்கப் பலகை இல்லை, கயிறு இல்லை. கை ஓய்ந்து நீந்துவதை விட்டுவிட்டபோது, ஞாயிற்றுக்கிழமை தோறும் ஜெபவீட்டு ஒலிபெருக்கியில் கேட்ட இயேசுவின் பெயர்தான் வாயில் வந்தது. அடியிலிருந்து ஓர் உள்ளங்கை அவன் முதுகைத் தாங்கிக்கொண்டுபோய் மணலில் வைத்தது. அந்த உள்ளங்கையின் நடுவில் ஒரு பள்ளம் இருந்ததை அவன் முதுகு அறிந்தது. இனி அவர்தான் என்று அன்றே முடிவு செய்துவிட்டான்.

"எதையோ புடிச்சினு இருக்கீங்க பிரதர்" என்றார் பாஸ்டர். ரங்கன் யோசித்துப் பார்த்து, படகு கவிழ்ந்த பிறகு பெண்சாதி தேவி இடுப்பில் கட்டிவிட்ட தாயத்தை அறுத்தான். அடுத்த வாரம் ஏரி அவனை இடுப்பு வரை வாங்கிக்கொண்டது. மிச்சம் இருந்தது பாடு. ஏரியில் மீன் விழும் இடங்கள் கொஞ்சம்தான் என்பதால், யார் எந்த நாளில் எங்கே வலை போடுவது என்று அம்மன் கோயில் முன்னால் சூடம் தொட்டுச் சீட்டுப் போடுவார்கள். அந்தப் பங்குக்குத்தான் பாடு என்று பெயர். பாடு இல்லாதவன் வலையை வீட்டில் சுருட்டி வைக்க வேண்டியதுதான். ரங்கன் இனிச் சூடம் தொடமாட்டேன் என்று தன் பங்கை அண்ணன் ஆதிகேசவனுக்கு விட்டான். தேவி ஓலைப் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஏரிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கப் போனாள். ஏரி இந்த முறை ரங்கனைக் கழுத்து வரை வாங்கியது. தலை மட்டும் காய்ந்தே இருந்தது. கோடையிலும் இறங்கிப் பார்த்தான், ஒரு மயிர் நனையவில்லை. பறவை பார்க்க வந்தவர்களைப் படகுக்காரர்கள் முதலில் இவனிடம் கூட்டி வந்தார்கள், பிறகுதான் பூநாரைக்கு.

ஒருநாள் உலையில் போட அரிசி இல்லை. தேவி பறியைத் தூக்கி எறிந்தாள். "யோவ், உன் தலை ஏன் நனையலன்னு எனக்குத் தெரியும்யா. ஒரு வருஷம் பாக்கறேன், ஒத்து வரலன்னா பாட்டைத் திருப்பிக் குடுத்துடுன்னு உங்க அண்ணங்கிட்ட சொன்ன இல்ல? வேலிக்கு இந்தாண்ட நான்தான் எறா உரிச்சினு இருந்தேன்." சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள். பாடு திரும்பி வரும் என்ற அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவளும் அதுவரை இருந்தாள்.

சீட்டுப் போடும் நாளில் ரங்கன் கூட்டத்தின் நடுவே போய் நின்றான். "அண்ணே, அன்னிக்கு சொன்னது இல்லன்னு வெச்சிக்கோ. நானே வந்து கால்ல வுழுந்தாலும் பாட்டைக் குடுக்காத."

"பசிச்சா இன்னாடா பண்ணுவ?" என்றார் ஆதிகேசவன்.

"தெரியலண்ணே."

நேரே ஏரிக்குப் போனான். ஜெபவீட்டிலிருந்து பார்த்த பாஸ்டர் செருப்பை விட்டுவிட்டுப் பின்னால் ஓடி வந்தார். கை வைத்துச் சாய்த்ததும் ரங்கன் நங்கூரக் கல் மாதிரி உள்ளே போனான், வெளியே வரவில்லை. பாடு பேச வந்தவர்கள் சீட்டைப் போட்டது போட்டபடி விட்டு ஓடி வந்து குதித்துத் தேடினார்கள். நெஞ்சளவு தண்ணீரில் ஓர் ஆள் இல்லை. பாஸ்டர் ஜெபத்தைத் தொடங்கி, பாதியில் விட்டு அவரும் முங்கித் தேடினார். தேவி யாரையும் திட்டாமல் இடுப்பளவுக்கு இறங்கி, எறா தேடுகிற மாதிரியே இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். வெயில் சாயும்போது ரங்கன் எதிர்ப்பக்கம் பசியாவரத்துக் கரையில் ஏறினான், தலைமுடியெல்லாம் பாசி. படகில் போய்ச் சேர்ந்த தேவி, "அந்தக் கை இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்ல. சேறுதான் இருந்துச்சு. நடந்தே வந்தேன்."

அதன் பிறகு அவன் காயவே இல்லை. சட்டை மாற்றினாலும் ஏரித் தண்ணீர் சொட்டும். டீக்கடையில் அவனுக்கென்று பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை வெளியே போட்டுவிட்டார்கள். பெண்களோடு பெண்ணாகப் பறியைக் கடித்துக்கொண்டு தேவிக்குப் பக்கத்தில் சேற்றைத் தடவுகிறான். சில நாள் பறி நிறைகிறது, பல நாள் கஞ்சிதான். முகத்துவாரத்தில் தாங்கிய கை மறுபடி வரவில்லை என்பதை அவன் யாரிடமும் மறைப்பதில்லை. ஞாயிறு தவறாமல் ஜெபவீட்டுக்குப் போகிறான். தேவி வாசல் வரை போய்த் திரும்புகிறாள். அறுத்த தாயத்து அவளுடைய உப்பு ஜாடிக்குள் கிடக்கிறது. ரங்கனுக்கும் தெரியும், கேட்டதில்லை. அவன் பாய்க்கு அடியில் அவள் விரிக்கும் சாக்கு விடிவதற்குள் ஊறிவிடும். அதை வெயிலில் போட்டால் மத்தியானத்துக்குள் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். உதறி ஜாடியில் போட்டுக்கொள்கிறாள். கடையில் உப்பு வாங்குவதை அந்த வீட்டில் எப்போதோ நிறுத்திவிட்டார்கள்.