மேற்குக் கட்டுக்கு வந்த வெந்நீர்

சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த தோர்கில் தற்செயலாகத் தலையைத் தூக்கினான். முற்றத்துக்கு அந்தப் பக்கம், மேற்குக் கட்டின் குளியலறைச் சன்னலில் விளக்கு எரிந்தது.

"சோல்வை, உங்கப்பா சீட்டு விளையாடத்தானே போனாரு?"

"பனி கொட்டுதுன்னு இன்னைக்கு ஆட்டம் இல்லையாம். அப்பவே திரும்பிட்டாரு. ஏன்?" என்றாள் மனைவி.

தோர்கில் கத்தியைக் கீழே போட்டான்.

யூட்லாண்ட் கிராமப்புறத்தில் அந்தப் பழைய பண்ணை வீட்டில் முற்றத்தைச் சுற்றி நான்கு கட்டுகள். கொதிகலன் கிழக்குப் பக்கம். மாமனார் வில்லாஸ் இருப்பது மேற்குக் கடைசியில். அங்கே வெந்நீர் போய்ச் சேர்வதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். "இந்த வீட்டுல வெந்நீருக்கு முன்னாடி எனக்குச் சவப்பெட்டி வந்துரும் மாப்பிள்ளை" என்று அவர் குத்திக்காட்டாத வாரம் இல்லை. அதனால்தான் தோர்கில் பிளம்பர் மோன்ஸைக் கூப்பிட்டு, வெந்நீர் எப்போதும் வீட்டைச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும்படி ஒரு குழாயும் சின்னப் பம்பும் போடச் சொன்னான். குழாயைத் திறந்ததும் சூடாக வரும். மாமனாருக்குச் சொல்லாமல் செய்தான். அவரே திறந்து பார்த்து அசந்துபோகட்டும் என்று ஆசை.

மத்தியானம் வேலையை முடித்துக் கிளம்பும்போது மோன்ஸ் சொன்னார்: "புதுக் குழாய்ல கிருமி இருந்தா சாகணும். நாளைக் காலைல வரைக்கும் எழுபது டிகிரியில ஓடட்டும். பச்சத்தண்ணி கலக்குற வால்வு நாளைக்குத்தான் மாட்டுவேன். அதுவரைக்கும் மேற்கால குழாயைத் தொடவே கூடாது, சரியா?"

சரி என்றான். மாமனார் ஊருக்குள் இருந்தார். சாப்பாட்டுக்கு வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

வில்லாஸுக்குச் சர்க்கரை வியாதி. கணுக்காலுக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. போன வருஷம் ஒரு சின்னப் புண்ணில் இரண்டு கால்விரல் போயிற்று. இன்னொரு புண் வந்தால் முழங்கால் வரைக்கும் எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கால் கழுவுவதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு. தரையில் வைத்த பேசினில் காலை வைத்துக்கொண்டு வெந்நீர்க் குழாயைத் திறப்பார். முதலில் வெகுநேரம் பச்சைத் தண்ணீர்தான் வரும், கடைசியில் கொஞ்சம் சூடு வரும். பேசின் நிறையும்போது பதம் சரியாக இருக்கும். பச்சைத் தண்ணீர்க் குழாயை அவர் திருப்பியதே இல்லை. கை விட்டுப் பார்த்ததும் இல்லை.

"உங்கப்பாவுக்குப் போன் பண்ணு!"

"தண்ணிகிட்ட போனா காது மெஷினைக் கழட்டி வெச்சிருவாரே!"

"அப்ப ஓடு! குழாய்ல எழுபது டிகிரி! காலை உள்ள வெச்சிடப்போறாரு!"

சோல்வை செருப்பில்லாமல் பனியில் இறங்கி ஓடினாள்.

தோர்கில் பக்கத்திலிருந்த கொதிகலன் அறைக்குள் பாய்ந்தான். சுவருக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. திறந்துவிட்டார்! எதிரே மூன்று கைப்பிடிகள், மூன்றும் ஒரே நிறம். எது எதுக்கென்று எழுதி மாட்டுவதை மோன்ஸ் நாளைக்கென்று வைத்திருந்தார். தோர்கில் குழாய்களைத் தொட்டுப் பார்த்தான். ஒன்று குளிர்ந்தது. மற்ற இரண்டும் உள்ளங்கையைச் சுட்டன. எது போகிறது, எது திரும்பி வருகிறது? யோசிக்க நேரமில்லை. பம்பின் பிளக்கைப் பிடுங்கி எறிந்தான். சட்டை நுனியால் பிடித்து ஒன்றை மூடினான். சத்தம் நிற்கவில்லை. அடுத்தது இறுகிக் கிடந்தது. இரண்டு கையாலும் தொங்கித் திருப்பினான்.

சத்தம் நின்றது.

அவன் முற்றத்தைத் தாண்டி ஓடினான். மேற்குக் கட்டுக்குள் வில்லாஸின் குரல் கேட்டது. "யாருடி வெந்நீர நிறுத்துனது? மனுஷன் கால் கழுவக்கூடாதா?"

சோல்வை தரையில் மண்டியிட்டு, அப்பாவின் இடது காலைப் பச்சைத் தண்ணீர்க் குழாய்க்குக் கீழே பிடித்திருந்தாள். பாதம் வேகவைத்த இறால் மாதிரி சிவந்திருந்தது. வலது காலில் இறுக்கமான காலுறை பாதி கழன்றபடியே இருந்தது. அதைக் கழற்ற முடியாமல்தான் அந்தக் கால் தப்பியது.

"எவ்வளவு நேரம் உள்ள இருந்துச்சு?"

"தெரியல. பேசின்ல அடியில கொஞ்சம்தான் தண்ணி. நான் வந்ததும் இழுத்துட்டேன்."

அவள் காது மெஷினை எடுத்து மாட்டிவிட்டாள். தோர்கில் குனிந்தான். "வலிக்குதா மாமா?"

"எனக்கு எப்படி மாப்பிள்ளை தெரியும்? நீதான் பாத்துச் சொல்லணும்."

கேட்டிருக்கக்கூடாத கேள்வி. அவன் டாக்டருக்குப் போன் போட்டான். குளிர்ந்த தண்ணீரை நிறுத்தாமல் விடச் சொன்னார், ஐஸ் கூடாது என்றார். அப்புறம், தோலை அழுத்தி விட்டுப் பார்க்கச் சொன்னார். வெளுத்த இடம் மறுபடி சிவந்தால் நல்லது.

தோர்கில் கட்டைவிரலால் அழுத்தினான். விரல்களுக்குக் கீழே வெளுத்தது, உடனே சிவந்தது. நடுப்பாதத்திலும் அப்படியே. குதிகாலில் அழுத்தி எடுத்தான். வெள்ளையாகவே இருந்தது. சோல்வை அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னப்பா ஆளாளுக்கு ஊமையாயிட்டீங்க?" என்றார் வில்லாஸ். அவர் குரலில் இப்போது கிண்டல் இல்லை.

மெதுவாக, ஓரத்திலிருந்து உள்பக்கமாக, சிவப்பு ஊறி வந்தது.

"வந்துருச்சு டாக்டர்," என்றான் தோர்கில் போனில். "குதிகால்ல லேட்டா வந்துச்சு. ஆனா வந்துருச்சு."

"அப்ப ஆழமா வேகல. கொப்புளம் வரும், அதைப் புண்ணாக விடக்கூடாது. சுத்தமான துணி சுத்தி இப்பவே கூட்டிட்டு வாங்க."

சோல்வை துணி எடுக்கப் போனாள். வில்லாஸ் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாடியில ஆவி படிஞ்சதப் பாத்தேன் மாப்பிள்ளை. வெளிய குளிரு, அதான்னு நினைச்சேன். நம்ம குழாய்ல அவ்வளவு சீக்கிரம் எங்க சூடா வந்திருக்கு?"

"நான்தான் பம்பு போட்டேன் மாமா. உங்களுக்காகத்தான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

சோல்வை வந்து துணியைச் சுற்றி முடித்ததும் தோர்கில் எழுந்தான். திரும்பிக் குனிந்து, மாமா ஏறிக்கொள்ள முதுகைக் காட்டினான். வில்லாஸ் சற்று யோசித்துவிட்டு, அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.