வாளியும் நீட்டிய கையும்

மலையாண்டி மகளுக்கு அன்று காதுகுத்து. பிள்ளையை மடியில் வைக்க வேண்டிய தாய்மாமன் முத்துப்பாண்டியோடு, போன வருஷக் கிடாவெட்டிலிருந்து பேச்சில்லை. மலையாண்டியின் மனைவி பாண்டீஸ்வரி அழுது கூப்பிட்டதில் அண்ணன் மனமிரங்கியிருந்தார். "வாயை மூடிக்கிட்டு இருங்க. அவரு இல்லாட்டி காதுகுத்தே இல்ல" என்று புருஷனிடம் காலையிலேயே சொல்லிவிட்டாள்.

வாயை மூடலாம். பாயச வாளியை என்ன செய்வது? ஆட்டோவில் மண்டபத்துக்கு அனுப்பிய முதல் வாளியில் பாதியை வண்டியூர் ரோட்டுப் பள்ளமே குடித்துவிட்டது. அடுத்ததை மலையாண்டி தானே தூக்கிக்கொண்டு நடந்தான். இடது கையில் வாளி. உடம்பு தானாக வலப்பக்கம் சாய, வலது கை தானாக ரோட்டைப் பார்த்து நீண்டது. மடக்கினால் பாயசம் வேட்டியில். கை மாற்றலாமென்றால் இடது கையை நீட்ட விடாமல் அந்தப் பக்கம் வீட்டுச் சுவர்.

ரோட்டைப் பார்த்துக் கையை நீட்டினால் மதுரையில் என்ன ஆகும்? ஷேர் ஆட்டோ நிற்கும். நின்றது.

"ஏறுண்ணே, தெப்பக்குளமா?"

"வரலப்பா."

"அப்புறம் என்னத்துக்குண்ணே கையக் காட்டுற?"

திட்டிவிட்டுப் போனான். அடுத்தவன் வந்தான். அவனும் திட்டினான். மலையாண்டிக்குப் பொறுமை போயே போச்சு. மறுபடி ஒரு ஆட்டோ உரசி நின்று, "மாப்ள, ஏறு!" என்று குரல் வந்தது. இந்த ஊரில் யார்தான் யாரை மாப்ள என்று கூப்பிடவில்லை?

"வரலைன்னா வரல! போய்யா அங்கிட்டு!"

கிளம்பிய ஆட்டோவின் பின்சீட்டில் தெரிந்தது சாட்சாத் முத்துப்பாண்டியின் மீசை. ஐயோ! கூப்பிடுவதற்குள் ஆட்டோ போய்விட்டது. ஓடவும் முடியாது, வாளி தளும்பும்.

மண்டபத்தை அடைந்தபோது முத்துப்பாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தார். பின்னால் பிள்ளையும் கண்ணீருமாகப் பாண்டீஸ்வரி. கேட்டில் ஒரு கதவுதான் திறந்திருந்தது. அதை அடைத்துக்கொண்டு வாளியும் நீட்டிய கையுமாக மலையாண்டி.

"கைய எடு. நான் போறேன்."

"எடுக்க முடியாது மச்சான்!"

"எடுங்கிறேன்ல?"

"உசுரே போனாலும் எடுக்க மாட்டேன்!"

பாவம், அவன் பாயசத்துக்காகச் சொன்னான்.

முத்துப்பாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. "அன்னைக்குக் கெடாவெட்டுல நான் கோவிச்சுக்கிட்டுக் கெளம்புனப்ப ஒருத்தனாவது இப்படி மறிச்சீங்களா? மறிச்சிருந்தா நான் எதுக்கு மாப்ள இம்புட்டு நாளா மூஞ்சியத் தூக்கிக்கிட்டுத் திரியிறேன்?"

திரும்பிப் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்து, "பிள்ளையக் கொண்டா" என்று மடியைத் தட்டினார்.

"அதான் உக்காந்துட்டாருல்ல, வாளியக் கீழ வைங்க" என்றாள் பாண்டீஸ்வரி.

மலையாண்டி வைக்கவில்லை; கேட்டை விட்டு நகரவுமில்லை. ஆசாரி காதைக் குத்தி, பிள்ளை வீரிட்டு அழுத பிறகுதான் வைத்தான்.