பஞ்சு பட்ட இடம்

புற்றுநோய்க்காக இடது மார்பை எடுத்துவிட்டு, வயிற்றுச் சதையால் புது மார்பு அமைத்தபோது, "பார்க்க அச்சு அசலா இருக்கும்" என்றார் மருத்துவர். அப்படியே இருந்தது. அது மரத்துக் கிடக்கும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. உயிர் பிழைத்ததே பெரிது என்றிருந்த நேரம்.

அவளுக்குச் சலவைக்கூடத்தில் இஸ்திரி வேலை. திரும்பிப் போன மூன்றாம் வாரம், பக்கத்து மேசையில் துணி மடித்துக்கொண்டிருந்த நாத்தனார் அலறினாள்.

"அண்ணி! துணி கருகுது!"

கருகியது அவள் சட்டைதான். இஸ்திரி இயந்திரத்தின் சூடான தகட்டில் சாய்ந்தபடியே விரிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே தோல் கொப்பளித்திருந்தது. நாத்தனார்தான் அழுதாள்.

புண் ஆறியதும், நரம்பை ஒட்டும் இன்னோர் அறுவை செய்தார்கள். "உணர்ச்சி வரலாம், வராமலும் போகலாம்." பிறகு தினமும் பயிற்சி. அவள் கண்ணை மூடிக்கொள்வாள். கணவன் பஞ்சால் வருடுவான். எங்கே படுகிறது என்று அவள் சொல்ல வேண்டும். அவன் லிஃப்ட் மெக்கானிக். கிரீஸ் போகக் கை கழுவிவிட்டுத்தான் பஞ்சைத் தொடுவான்.

நான்கு மாதம் ஒன்றுமில்லை. அவன் முகம் நாளுக்கு நாள் சுண்டிப்போனது. ஒருநாள் அவள், "ம், தெரியுது" என்றாள்.

பத்து நாள் அப்படிப் போனது. பதினோராம் நாள்,

"இப்போ?"

"நடுவுல."

கண்ணைத் திறந்தாள். பஞ்சு அவன் மடியில் கிடந்தது.

"நான் தொடவே இல்ல" என்றான். "எத்தன நாளா இப்படி?"

"மொதல்லேருந்தே. உங்க மூஞ்சியப் பாத்தா இல்லன்னு சொல்ல வாய் வரல."

"நான் என்ன பரீட்சையா வைக்கிறேன், நீ பாஸ் பண்ண? இல்லன்னா இல்லன்னு சொல்லிடு."

அதன்பின் தினமும் "இல்ல" தான். பல் துலக்குவதுபோல ஆகிவிட்டது.

"நேத்து ஒரு லிஃப்ட்டு, எந்தப் பட்டன அமுக்கினாலும் அசையல. உன் அக்கா தங்கச்சியா இருக்கும்" என்பான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

எட்டாம் மாதம், ஈர விரிப்பை மார்போடு அணைத்துத் தூக்கியபோது, அக்குள் ஓரம் சுருக்கென்றது. விரிப்பைக் கீழே போட்டுவிட்டு நகத்தால் கிள்ளிப் பார்த்தாள்.

"வலிக்குது."

நாத்தனார் பதறினாள். "ஐயோ, டாக்டர்கிட்டப் போலாமா அண்ணி?"

"வேணாம், இரு. வலிக்கட்டும்."

அன்று வீட்டில், பல இல்லைகளுக்குப் பிறகு, "அங்க. குத்துது" என்றாள். பட்டது பஞ்சுதான். அவன் பேனாவால் சுற்றி வட்டம் போட்டான். சட்டைப் பித்தான் அளவு. அதற்கு வெளியே ஒன்றுமில்லை.

வருடக் கடைசியில் வட்டம் இரண்டு விரற்கடை ஆனது. அதோடு நின்றது. இதுவே நல்ல பலன் என்றார் மருத்துவர். அவள் இஸ்திரியை விட்டு மடிக்கும் மேசைக்கு மாறிக்கொண்டாள்.