கையாட்டாத மேதாவி

முன்பின் தெரியாதவருக்குக் கையாட்டுவதுதான் மனித குலம் கண்டுபிடித்த காரியங்களிலேயே துளியும் பயனற்றது என்பது மேதாவியின் தீர்ப்பு. கொட்டாவிகூட அதைவிட உருப்படி, உள்ளே கொஞ்சம் காற்றாவது போகும் என்பான்.

மேதாவி என்று பட்டம் கட்டியவர்கள் மைத்துனர்கள். கல்யாணமாகி மூன்றாவது மாதம், மழலையர் பள்ளி ஆசிரியையான மனைவியோடு, கையைக் கடிக்காத செலவில் அந்தத் தீவு நகரத்தைச் சுற்றிப் பார்க்க வந்திருந்தான். அவள் கேட்ட வரம் ஒன்றே ஒன்று.

"இன்னிக்கு ஒரு நாளாவது சண்டை போடாம சுத்துவோம்ங்க." அப்படி ஒரு நாள் இன்னும் அவர்களுக்கு வாய்த்ததில்லை.

"சண்டையா? நானா? எப்போ?" என்று சண்டைக்குப் போனான் மேதாவி.

இருப்பதிலேயே மலிவான அறை, சலவைக்கடையின் மேலே. சுவரெல்லாம் இளஞ்சூடு. ஜன்னலைத் திறந்தால் எதிர் மொட்டைமாடி முழுக்க வெள்ளை விரிப்புகள், கடல்காற்றில் பாய்மரம் போல உப்பிக்கொண்டு நின்றன. மேதாவி வாயைப் பிளந்தான். விரிப்புகளுக்கு நடுவிலிருந்து சலவைக்காரம்மா கையாட்டினாள். மனைவியும் ஆட்டினாள். மேதாவி ஜன்னல் கொக்கியைத் தீவிரமாக ஆராய்ந்தான்.

மாடி பஸ்ஸின் முன்சீட்டு கிடைத்தது. தென்னை மட்டைகள் கண்ணாடியை உரச, வளைவுக்கு வளைவு கடல் எட்டிப் பார்த்தது. மீன் சந்தையின் தரை அவன் வீட்டுக் கூடத்தைவிடச் சுத்தம். திடீரென்று மழை கொட்டியது. தெருவே கடையோரம் ஒதுங்கியது. ஒருவரும் சலித்துக்கொள்ளவில்லை. பழக்கடைக்காரர் பெட்டிகளை நகர்த்தி இவர்களுக்கு இடம் விட்டார். மழை விட்டதும் நகரம் கழுவிக் கவிழ்த்த பாத்திரமாகப் பளபளத்தது.

"ஊருன்னா இது ஊரு!" என்றான் மேதாவி. "ஒரே ஒரு குறைதான். போறவன் வர்றவன்லாம் கையாட்டுறான்."

அவள் சிரித்துவிட்டு நடந்தாள். வரம் பத்திரமாக இருந்தது.

சாயங்காலம் ஒரு பள்ளிக்கூட வேன் போயிற்று. பின் கண்ணாடியில் ஒரு பொடிசு கையாட்ட, மனைவி இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டே கொஞ்ச தூரம் ஓடினாள்.

"அதுக்கு உன்னைத் தெரியுமா? உனக்கு அதைத் தெரியுமா? வேனுக்கு ரிவர்ஸ் காட்டுறியா என்ன?"

மேதாவி சிரித்தான். கூடச் சிரிக்க ஆளில்லை.

"காலையில அழுதுட்டே வர்ற புள்ளைங்க, வாசல்ல நின்னு நான் கையாட்டினாத்தான் உள்ள வரும்" என்றாள் அவள். "உங்களுக்குப் பயனில்லைதான். விடுங்க."

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

ஊர் திரும்பும் வண்டி மறுகரையில். படகுத்துறையில் மேதாவி வழக்கம்போல வாயைத் திறந்தான்.

"பாலத்துல நடந்தா ஓசி. மேலேருந்து பார்த்தா படகும் தெரியும்."

"நீங்க பாலத்துல வாங்க. நான் படகுல வரேன்."

"கோவமா?"

"சேச்சே. சண்டை போடக் கூடாதுல்ல?"

அவள் போய்விட்டாள். இரண்டு பேர் போனும் அவன் தோள்பையில் இருந்தது.

பாலத்தின் நடுவில் நின்றான். கடல் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தது. இவ்வளவு அழகைத் தனியாகப் பார்ப்பது தண்டனை மாதிரி இருந்தது. படகு வந்தது. முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள், தண்ணீரையே பார்த்தபடி.

"ஏய்! இந்தா! இங்க பாரு!"

காற்று கத்தலை எங்கேயோ கொண்டுபோயிற்று. மேதாவி இரு பக்கமும் பார்த்தான். முதுகு சொறிபவன் போல ஒரு கையைத் தூக்கினான். போதவில்லை. இரண்டையும் தூக்கி, ரிவர்ஸ் காட்டுகிற மாதிரியே ஆட்டினான்.

மொத்தப் படகும் பதிலுக்குக் கையாட்டியது. ஒரு பெரியவர் தொப்பியையே கழற்றி ஆட்டினார். படகோட்டி சங்கு ஊதினார். இவர்கள் யாருக்கு இப்படி ஆட்டுகிறார்கள் என்று கடைசியாக நிமிர்ந்து பார்த்தாள் அவள்.

கொஞ்ச நேரம் பார்த்தாள். கை தூக்கவில்லை. பிறகு இரண்டையும் ஒன்றாகத் தூக்கினாள்.

படகு பாலத்துக்கு அடியில் நுழைந்தது. மேதாவி சாலையைக் கடந்து அந்தப் பக்கக் கம்பிக்கு ஓடி, அவள் தலை புள்ளியாகும் வரை ஆட்டினான். மறுகரைக்கு நடக்கத் திரும்பும்போது எதிரிலிருந்து இன்னொரு படகு வந்தது. அதில் அவனுக்குத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை.

மேதாவி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மெல்லக் கையைத் தூக்கினான்.