திருவேங்கடத்தின் கட்டைவிரல்

ஒப்புதல் கடிதத்தை மேனேஜர் ஜெகதீஷ் ஏற்கெனவே அச்சடித்து வைத்திருந்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறிகூட. அவ்வளவு கரிசனம். திருவேங்கடம் காகிதத்தைத் தொடவில்லை. திருமழிசைத் தொழிற்பேட்டையில் இந்தக் கம்பெனியின், தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மிஷின்களை இருபத்திரண்டு வருடமாகப் பழுது பார்ப்பவர் அவர். முந்தாநாள் மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் ஆபரேட்டர் பாபுவின் வலது கை விரல்கள் இரண்டு போய்விட்டன. தன் கவனக்குறைவுதான் காரணம் என்று திருவேங்கடம் எழுதித் தர வேண்டுமாம்.

மிஷினில் கோளாறென்றால் ஆபரேட்டர் வாட்ஸ்அப் குழுவில் போடுவான். திருவேங்கடம் வந்து சரிசெய்து, தகடு வைக்காமல் நாலு முறை அடிக்கவிட்டுப் பார்த்த பிறகே அந்தச் செய்திக்குக் கட்டைவிரல் படம் வைப்பார். அது விழாமல் எவனும் சுவிட்சைத் தொடமாட்டான். நிர்வாகம் போட்ட சட்டமில்லை. கையை நம்பிப் பிழைப்பவர்கள் தமக்குத் தாமே போட்டுக்கொண்டது.

போன மாதம் ஜெகதீஷ் 'சங்கமம்' என்ற மென்பொருளைக் கொண்டுவந்தார். கம்ப்யூட்டருக்கு முன்னால் குத்துவிளக்கு ஏற்றி, முக்கால் மணி நேரம் பேசினார். வாட்ஸ்அப், டெலிகிராம், மின்னஞ்சல், எஸ்.எம்.எஸ். எல்லாம் ஒரே ஜன்னலில் வரும். ஒரே ஆளின் மூன்று எண்களும் ஒரே பெயருக்குள் அடங்கிவிடும். போதாதென்றால் செருகுநிரல் என்கிற குட்டி மென்பொருள்களைச் செருகிக்கொண்டே போகலாம், பூந்தமல்லி ஷேர் ஆட்டோவில் ஆள் ஏற்றுவதுபோல. பிறகு எல்லோருக்கும் லட்டு கொடுத்து, எல்லோருடைய போனையும் வாங்கி அதோடு இணைத்தார்கள்.

அப்படிச் செருகியதில் ஒன்று, இரண்டு நிமிடம் பதிலில்லாமல் கிடக்கும் செய்திக்கு, உரியவர் பெயரில் தானாகவே கட்டைவிரல் வைத்துவிடும். தலைமை அலுவலகத்துக்குப் போகும் அறிக்கையில் 'பதில் வேகம்' பச்சையாகத் தெரிய வேண்டுமே! லட்டுக்கு நடுவே இதை யாரும் சொல்லவில்லை.

முந்தாநாள் பாபு, 'மூணாம் நம்பர்ல கை சென்சார் வேல செய்ல, வந்து பாருண்ணா' என்று போட்டுவிட்டு டீ குடிக்கப் போனான். கை உள்ளே இருந்தால் மிஷினை நிறுத்துவது அந்தச் சென்சார்தான். திரும்பி வந்தபோது கட்டைவிரல் விழுந்திருந்தது. அண்ணன் பார்த்துவிட்டுப் போய்விட்டார் என்று மிஷினைப் போட்டான்.

"உங்க பேர்லதான் இருக்கு திருவேங்கடம். சிஸ்டம் பொய் சொல்லாது" என்றார் ஜெகதீஷ்.

"பேரிங் வாங்க நீங்கதானே சார் பூந்தமல்லிக்கு அனுப்பிச்சீங்க? பஸ்ஸுல கம்பியப் புட்ச்சிக்கினு தொங்கறவன் இன்னாத்த வெரலு வைப்பான்?"

"தானா வெரல் வைக்கறது ஒரு வசதி. டிரெய்னிங்ல கவனிச்சிருக்கணும்."

"எம் பேர்ல அதுவே வெரலு வைக்கும்னு சொன்னியா நைனா?"

சாரிலிருந்து நைனாவுக்கு இறங்கியதில் ஜெகதீஷின் முகம் சிவந்தது. "மரியாதையா பேசுங்க. கையெழுத்துப் போட்டா மெமோவோட முடியும். இல்லன்னா இன்னிக்கே வேலை போயிடும். பாபுவுக்கும் ஏதாவது பாத்துச் செய்வோம்."

"இன்னா செய்வ? ரெண்டு வெரலு செருகுவியா?"

முந்தாநாள் ராத்திரி ஆஸ்பத்திரியில் பாபு கோபப்படவேயில்லை. கட்டுப்போட்ட கையை மார்மேல் வைத்துக்கொண்டு, "நீ வெரலு வச்சியேன்னுதான் அண்ணாத்தே கைய உட்டேன்" என்றான். திட்டியிருந்தால் திருவேங்கடம் தாங்கியிருப்பார். அந்த நம்பிக்கைதான் இரண்டு நாளாக அவரைத் தூங்கவிடவில்லை.

கீழே ஷெட்டிலிருந்து ஓர் அடி கேட்டது. ஓசையை வைத்தே எந்த பிரஸ் என்று சொல்லிவிடுவார் அவர்.

"மூணாம் நம்பர யாரு ஓட்றது?"

"கனிமொழி. ஆர்டர் அவசரம்."

"சென்சாரு?"

ஜெகதீஷ் திரையைப் பார்த்தார். "சரியாயிடுச்சுன்னுதான் காட்டுது."

திருவேங்கடம் கடிதத்தின் மேலேயே கையூன்றி எழுந்தார். படிகளில் இறங்கும்போது பின்னால் ஜெகதீஷ், "போனா போனதுதான், திரும்பி வராதீங்க" என்று கத்துவது கேட்டது. கனிமொழி, பாபு நின்ற இடத்தில் நின்று, அச்சுக்கு அடியில் தகட்டைத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஒப்பந்த ஆள்; சேர்ந்து பதினைந்து நாள்.

"கைய வெளிய எடும்மா!"

"குரூப்ல உங்க பேர்ல ஓகேன்னு வந்துச்சேண்ணா" என்றாள் அவள், பயந்துபோய்.

மிஷினின் அச்சு மேலேறி நின்றதும் திருவேங்கடம் பியூஸ் பெட்டியைத் திறந்து மூன்று பியூஸ்களையும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சூடு துணியைத் தாண்டி நெஞ்சில் உறைத்தது. எடுக்கவில்லை.

சத்தம் அடங்கியது. கனிமொழி கையுறையைக் கழற்றி, எண்ணெய் படிந்த விரல்களை வெளிச்சத்தில் விரித்தாள். ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள்.