ஏசம்மாளை வெட்டிய விதி

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு மாடி அறையில் ஹெப்சிபா தனியாகக் குடியிருந்தாள். பகலில் வக்கீல் ஒருவரிடம் டைப்பிங் வேலை. சாயங்காலமானால் லேப்டாப்பில் ஒரு விக்கியைத் திறந்து உட்கார்ந்துவிடுவாள். வீட்டிலேயே எலக்ட்ரானிக்ஸ் சாமான் செய்கிறவர்கள் கூடித் தமிழில் எழுதும் இணையதளம் அது. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். எப்படி எழுத வேண்டும் என்று விதி வகுக்கும் வேலையை எல்லோருமாக அவள் தலையில் கட்டிவிட்டார்கள். 'ஒரு வரியில் ஒரு வேலை. சொந்தக் கதை வேண்டாம்' என்று அவள் எழுதிவைத்தாள்.

இராஜபாளையத்தில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருந்த ரத்தினம் ஒரு கட்டுரை போட்டார். வாசலில் பொத்தானை அழுத்தினால், மணிக்குப் பதிலாக வீட்டுக்குள் விளக்கு மின்னும் கருவி பற்றியது அது. பாதிக்கு மேல் அவர் மனைவி ஏசம்மாள் கதைதான். ஹெப்சிபா விதிப்படி அந்தக் கதை முழுவதையும் வெட்டினாள்.

ரத்தினம் அதன்பின் எழுதவே இல்லை. அவள் எதைத் திருத்தினாலும் கீழே 'நல்லாருக்கு தாயி' என்று போடுகிறவர் அவர் ஒருவர்தான். அது நின்ற பிறகே, வேலை விஷயம் தவிரத் தன்னிடம் யாரும் பேசுவதில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

இதற்கிடையில் ரத்தினத்தின் கட்டுரைக்குக் கீழே ஒருவர் கேட்டார்: 'விளக்கு ஏன் இத்தனை மெதுவாக மின்னுகிறது? வேகமாக்கலாமா?' ஹெப்சிபா பழைய பதிப்பை எடுத்துப் பார்த்தாள். ஏசம்மாளுக்குக் காது கேட்காது. முதலில் விளக்கு படபடவென்று மின்னியபோது தலைசுற்றி விழுந்திருக்கிறாள். வேகத்தைக் குறைத்த காரணம், அவள் வெட்டிய பகுதியில்தான் இருந்தது. எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை இராஜபாளையத்துக்கு பஸ் ஏறினாள்.

கடைக்குப் பின்னால்தான் ரத்தினத்தின் வீடு.

"அண்ணாச்சி, நான்தான் ஹெப்சிபா. உங்க கட்டுரையை வெட்டுனது."

"உள்ள வாங்க தாயி. வெட்டுனதுல எனக்குக் கோவமில்ல. ஆனா அவ படிச்சுட்டா. 'என்னைய மட்டும் ஏன் அழிச்சாக'ன்னு கையாலயே கேக்கா. நான் என்னத்தச் சொல்ல? பொறவு எழுதவே கை வரல."

ஹெப்சிபாவுக்கு முகம் சுண்டிப்போனது. போனில் 'மன்னிச்சிருங்க அக்கா' என்று தட்டி ஏசம்மாளிடம் நீட்டினாள். ஏசம்மாள் படித்துச் சிரித்தாள். அதே போனில் 'சாப்புட்டுத்தான் போகணும்' என்று தட்டிக் கொடுத்தாள்.

சாப்பிடும்போது புருஷனும் பெண்டாட்டியும் கையாலேயே ஓயாமல் பேசினார்கள். நடுவில் எதற்கோ குலுங்கிச் சிரித்தார்கள். ஹெப்சிபாவுக்கு ஒன்றும் புரியவில்லை. குனிந்து ரசச் சோற்றைப் பிசைந்தாள்.

ஊர் திரும்பி விதியை மாற்றினாள்: 'யாருக்காகச் செய்தீர்கள், ஏன் செய்தீர்கள் என்பதை முதலில் எழுதுக.'

விதி எழுதியவளே மீறக் கூடாதல்லவா? தன்னுடைய பழைய கட்டுரைகளைத் திருத்த உட்கார்ந்தாள். முதலில் வந்தது, தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் கத்தும் அலாரம். யாருக்காக? 'எல்லோருக்காகவும்' என்று அடித்து, அழித்தாள். கடைசியில் எழுதினாள்: 'எனக்காக. மோட்டாரை நிறுத்தச் சொல்ல வீட்டில் வேறு ஆள் இல்லை.' எழுதியதைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அழிக்கவில்லை.

மறுநாள் முனீஸ்வரி என்ற புதுப்பெயரில் ஒரு வரி வந்திருந்தது: 'எனக்கும் இதே கதைதான். பின்கட்டில் நின்றால் சத்தம் கேட்கவில்லை. சத்தம் கூடுதலாக வர எந்த பஸ்ஸர் போடலாம்?'

வேலை விட்டு வந்த ஹெப்சிபா கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் பதில் அடிக்க ஆரம்பித்தாள்.