ஒன்பது பாகங்களிலும் செத்தவள்

நைஜீரியாவின் அசாபாவில் அனாயோவின் மனைவி மெசோமா செத்துப் பதினேழு வருடங்கள் ஆகின்றன. நேற்றுக்கூடச் சந்தையில் தக்காளி விலைக்காக ஒருத்தியோடு மல்லுக்கு நின்றாள். அவள் செத்தது படப்பிடிப்பில். நல்ல வெளிச்சமிருந்த ஒரு மத்தியானம், இயக்குநர் சொன்ன இடத்தில், இயக்குநர் சொன்ன மாதிரியே செத்தாள். அந்த இயக்குநர்தான் அவள் கணவன்.

அப்போது எங்கள் ஊரில் பாதி வீடுகள் படப்பிடிப்பு வீடுகளாக இருந்தன. நைஜர் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒனிட்சாவில் வி.சி.டி. தகடு விற்கும் முதலாளிகள் இருந்தார்கள், இந்தப் பக்கம் அவர்களுக்குப் படம் எடுத்துக் கொடுப்பவர்கள். அனாயோ படித்தவன். மற்றவர்கள் பணத்துக்காகத் தாயைப் பலி கொடுக்கும் மகன் கதையையே திருப்பித் திருப்பி எடுத்துக்கொண்டிருந்தபோது, இவன் அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலப் பேய்க்கதைப் புத்தகத்தை அக்குளில் வைத்துக்கொண்டு அலைந்தான். பனி கொட்டும் தேசத்தில் ஒரு பிரபு சண்டை போட்டு மனைவியை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறான். அவள் வாசலிலேயே விறைத்துச் செத்து, குளிர்காலந்தோறும் வந்து கதவைத் தட்டுகிறாள். அவன் வீம்புக்குத் திறப்பதில்லை. கதை அவ்வளவுதான். எழுதியவர் செத்து நூறு வருடங்களுக்கு மேலாகிறது, உரிமை கேட்டு யாரும் வரமாட்டார்கள் என்பது மட்டும் முதலாளி ஒக்வுதிலிக்குப் பிடித்திருந்தது.

"அதெல்லாம் சரிப்பா, பாஸ்டர் எங்க? பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணாம பேய் எப்படிப் போகும்? ஜனங்க தகட்டை என் மூஞ்சியிலேயே விட்டெறிவாங்க."

"பேய் போகாது முதலாளி. அதுதான் கதையே."

"போகாதா? அட, அதை முதல்லயே சொல்றதுக்கென்ன! அப்ப ரெண்டாம் பாகமும் எடுக்கலாமே!"

பனிக்குப் பதில் ஹார்மட்டான் தூசிக்காற்று என்று முடிவானது. அது டிசம்பரில் தானாகவே வரும், செலவில்லை. மாளிகைக்கு ஓர் அரசியல்வாதி பாதியில் விட்டிருந்த பங்களா. கதையில் வருகிற ஓநாய்க்கு எதிர்வீட்டு நாய். நடிகைக்குக் கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லாததால் வீட்டிலிருந்த மெசோமாவையே கூட்டிக்கொண்டு போனான். மகள் கோசி கைக்குழந்தை, பால்குடி மறக்கவில்லை. குழந்தையை நிழலில் பாயில் கிடத்திவிட்டு, ஒரு நாள் வேலைதானே என்று மெசோமா வாசற்படியில் போய்ப் படுத்தாள்.

எங்கள் சினிமாக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சாகிற காட்சி முடிந்து 'கட்' சொன்ன உடனே, நடித்தவரை இயக்குநர் பிறந்த பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவர் "இருக்கேன்" என்று பதில் சொல்ல வேண்டும். பிறகு வாயில் ஒரு துண்டு கோலாக் கொட்டை, விருந்தாளிக்கு மரியாதையாக உடைத்துக் கொடுக்கிற அந்தக் கசப்புக் கொட்டைதான். படுக்க வைத்தவன் கூப்பிட்டால்தான் எழுப்ப முடியும், வேறு யார் கூப்பிட்டாலும் காதில் ஏறாது. குடித்துவிட்டுக் கேமராவுக்குப் பின்னால் விழுந்து கிடந்த இயக்குநர்கள்கூட இதை மட்டும் தவறவிட்டதில்லை.

அனாயோ கூப்பிடவில்லை. மெசோமாவின் உதட்டில் தூசி படிந்திருந்தது. மூச்சு இருக்கிற சுவடே இல்லை. காசு வாங்கிய எந்த நடிகையும் அவனுக்கு அப்படி ஒரு முகத்தைக் கொடுத்ததில்லை. கூப்பிட்டால் எழுந்து சிரிப்பாள், முகம் போய்விடும்.

"இப்படியே அடுத்த காட்சிகளையும் எடுத்துடலாம்" என்றான்.

கேமராக்காரர் வயதானவர். "தம்பி, பேரைச் சொல்லிட்டு மறுபடி படுக்கவை. இதுல விளையாடாதே" என்றார்.

"நீங்க கேமராவைப் பாருங்கண்ணே."

காட்சிகளை எடுத்தார்கள். ஜெனரேட்டர் நின்றது, பெட்ரோல் யார் வாங்குவது என்று சண்டை வந்தது, சாப்பாடு வந்தது. குழந்தை அழுதது. யாரும் கூப்பிடாமல் மெசோமா தானே எழுந்து போய் குழந்தையை எடுத்து மார்பில் வைத்தாள். பால் வரவில்லை. குழந்தை அந்த உடம்பின் குளிர்ச்சி தாங்காமல் இன்னும் வீறிட்டது. கிளினிக்கில் நாடி பிடித்துப் பார்த்த நர்ஸ், இல்லை என்று சொல்லிவிட்டு வரிசையில் அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

பரிகாரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு பெயர், ஒரு பதில், ஒரு கொட்டை. ஆனால் அனாயோ, படத்தொகுப்பு முடியட்டும், ஏதாவது திரும்ப எடுக்க வேண்டியிருக்கும் என்றான். படம் வந்தது. அபாவிலிருந்து அக்ரா வரைக்கும் ஜனங்கள் விளக்கை அணைக்கப் பயந்தார்கள். ஒக்வுதிலி இரண்டாம் பாகத்துக்குத் தேதி வைத்தார். மூன்றாம் பாகத்தில் வேறொரு ஆளைப் பிணமாகப் படுக்க வைத்துப் பார்த்தார்கள். அவன் தும்மினான், சிரித்தான், கால் மரத்துவிட்டது என்று எழுந்து உட்கார்ந்தான். ஒருத்தியைக் கூப்பிடாமல் விட்டிருக்கும் இயக்குநர் இன்னொருவரைப் படுக்கவைக்க முடியாது என்று அப்போதுதான் தெரிந்தது. ஆகவே எல்லாப் பாகங்களிலும் மெசோமாவே செத்தாள். ஒப்பனை வேண்டாம், சாப்பாடு வேண்டாம், மலேரியா வராது. இப்படி ஒரு நடிகை உலகத்திலேயே கிடையாது என்று ஒக்வுதிலி போகிற இடமெல்லாம் சொன்னார். பாவி மனுஷன், பெருமையாகத்தான் சொன்னார்.

"இன்னைக்காவது கூப்பிடுவீங்களா?" என்று அவள் கேட்பாள்.

"இந்தப் பாகம் முடியட்டும் கோசியம்மா" என்பான்.

குழந்தை பிறந்துவிட்டால் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் பிள்ளையின் பெயரோடு அம்மா சேர்த்துக் கூப்பிடுவது எங்கள் பக்கத்து மரியாதை. மற்ற வீடுகளில் அது பிரியம், அவன் வீட்டில் அது ஜாக்கிரதை. ஒரு பாஸ்டர் வந்து விடிய விடிய ஜெபித்துக் கூப்பிட்டுப் பார்த்தார். மெசோமா அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். குழந்தையைத் தூக்குவதற்கு முன் மண்ணெண்ணெய் அடுப்பில் கையைக் காட்டிச் சூடாக்கிக்கொள்வாள். ஒரு நாள் சூடு எவ்வளவு என்று தெரியாமல் தூக்கிவிட்டாள். கோசியின் விலாவில் அந்த ஐந்து விரல் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. அதன் பிறகு குழந்தையைப் பக்கத்து வீட்டுக்காரி குளிப்பாட்ட, மெசோமா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். இதை எழுதும்போது எனக்கு அனாயோவின் மேல் வருகிற கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

கோசி வளர்ந்தாள். பிறந்த நாளுக்கு என்ன வேண்டும் என்று அப்பன் கேட்டால், "அம்மாவைக் கூப்பிடுங்கப்பா" என்பாள். செருப்பு வாங்கித் தருவான். கோசி அம்மாவின் உயரத்தைத் தாண்டினாள். மெசோமாவுக்கு இருபத்துமூன்று வயது மாறவே இல்லை, புதிதாக வந்தவர்கள் அக்கா தங்கை என்று நினைத்தார்கள். ஒன்பதாம் பாகத்தைச் சீந்துவாரில்லை. தகடுகளின் காலம் முடிந்து எல்லோரும் போனில் படம் பார்க்க ஆரம்பித்தார்கள், ஒக்வுதிலி டைல்ஸ் வியாபாரத்துக்குப் போய்விட்டார்.

பிறகு லாகோசிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. முதல் படத்தையே புதிதாக, நல்ல கேமராவில் எடுக்கலாம், ஆனால் ஜனங்கள் பார்த்துச் சலித்த அந்தப் பழைய முகம் வேண்டாம், சின்னப் பெண் வேண்டும் என்றார்கள். குளிர்பானத் தட்டோடு வந்த கோசியைப் பார்த்து, இந்த மாதிரி ஒருத்தி என்றார்கள். அன்றைக்கு அனாயோ பல வருடங்களுக்குப் பிறகு மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தான். அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே சுவர் மெல்லிசு, பேசியதெல்லாம் கேட்டது.

"உன்னைக் கூப்பிட்டுடறேன். நீ எழுந்தாத்தான் இன்னொருத்தியைப் படுக்கவைக்க முடியும்."

"யாரை?"

"நம்ம கோசிதான். அப்படியே உன் முகம். இந்தத் தடவை மறக்காம உடனே கூப்பிட்டுடுவேன்."

"அன்னைக்கு நீங்க மறக்கல" என்றாள் மெசோமா.

மகளிடம் அவள் எதையும் சொல்லவில்லை. சொன்னால், அதனாலென்ன, நான் படுக்கிறேன், நீ எழுந்திரு என்பாள் அந்தப் பெண். எங்களையும் வாயைத் திறக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள், திறக்கவில்லை. அப்பன், உன் அம்மாவைக் கூப்பிடப் போகிறேன் என்கிற பாதியை மட்டும் கோசியிடம் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து கோசி அம்மாவுக்குத் தலை பின்னிவிட்டாள், புதுத் துணி கட்டிவிட்டாள், எகுசிக் குழம்பு வைத்தாள், தட்டில் கோலாக் கொட்டையை உடைத்து வைத்துக்கொண்டு நின்றாள். தெருவே வாசலில் கூடியது.

"மெசோமா!" என்று கூப்பிட்டான் அனாயோ.

அவள் கழுத்து நரம்பு எழும்பியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். கன்னத்தில் நிறம் ஏறியது. ரவிக்கையின் முன்பக்கம் பாலில் நனைந்தது. உடம்பு முழுக்கப் பதில் சொல்லத் துடித்தது. அவள் பல்லால் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். மறுபடியும் கூப்பிட்டான், மறுபடியும்.

"அம்மா, சொல்லும்மா. இருக்கேன்னு ஒரு வார்த்தை. எனக்காகச் சொல்லும்மா."

மெசோமா மகளை ஒரு தடவை பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நிறம் இறங்கிவிட்டது. கோசி தட்டைத் தரையில் வைத்தாள். "உனக்கு நான் வேண்டாம், அவ்வளவுதானே" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்த் துணிகளை அடுக்கினாள்.

லாகோஸ் கம்பெனி வேறு ஊருக்குப் போய்விட்டது. அனாயோ இப்போது கல்யாணங்களுக்கு நாற்காலியும் ஜெனரேட்டரும் வாடகைக்கு விடுகிறான். அவனிடம் யாரையும் படுக்கவைக்கிற வேலை எதுவும் இல்லை. மெசோமா முச்சந்தியில் அகாரா போடுகிறாள். பயறு வடைதான், ஆனால் அவள் கரண்டி வைத்துக்கொள்வதில்லை, கொதிக்கிற எண்ணெயில் கையை விட்டே எடுத்துக் கொடுக்கிறாள். அதை யாரும் நின்று பார்ப்பதில்லை. உப்பு குறைந்தால் மட்டும் சொல்கிறார்கள்.

கோசி போர்ட் ஹார்கோர்ட்டில் வேலையில் இருக்கிறாள். வருவதில்லை. அங்கே யாராவது அம்மாவைப் பற்றிக் கேட்டால் செத்துவிட்டாள் என்கிறாளாம். அங்கே போய்வந்த ஒருத்தி இதை மனசு கேட்காமல் முச்சந்தியில் வந்து சொன்னாள். "உண்மையைத்தானே சொல்லியிருக்கா. சாப்பிடறாளா? உடம்பு தேறியிருக்காளா?" என்று கேட்டுக்கொண்டே மெசோமா அடுத்த ஈட்டைப் போட்டாள்.